வால்டரிடம் திருப்பி வாங்கின ஐம்பது தோட்டா

கிட்டு,

க்ஷேமம், மழை, அப்பாவோட பல்வலி எல்லாம் போன ஞாயித்துக்கிழமை ஃபோன்லயே பேசித் தீர்த்தாச்சு. அதனால நேரா விஷயத்துக்கு வரேன். உனக்கு நான் காகிதத்துல எழுதி எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன், ஓர்மை வரலை. கையெழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே. வலியசாலை சித்தியோட பொண்ணு அடுத்த வாரம் அங்கே வரா. அவ பெட்டியில முறுக்கோட சேர்த்து இதையும் வெச்சு விடறேன். உறையை ஒட்டப் போறதில்லை. வழியில அவ படிச்சாலும் படிச்சுட்டுப் போறா. ரம்யா கட்டாயம் படிக்கணும். கொல்லத்துக்கார மாட்டுப்பொண்ணுக்குத் தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும், அதனால நீயே உரக்க வாசிச்சுக் காட்டு. நடுவுல ஒரு வரியை முழுங்கினேன்னா எனக்குத் தெரியாமப் போகாது, கேட்டியா.

ஞாயித்துக்கிழமை நீ ரெண்டு காரியம் சொன்னே. ஒண்ணு, கராஜ்ல இருக்கிற தோட்டா நிறைக்கிற ப்ரெஸ், தராசு, டப்பா எல்லாத்தையும் வித்துட்டுத் தலைமுழுகப் போறேன்னே. இன்னொண்ணு, "அம்மா, நீயா இருந்தா இந்தத் தப்பு வந்தே இருக்காது, முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில மருந்து அளந்து குடுத்தவ, உன் கை தப்பாது"ன்னே. முதல்ல சொன்னதுக்கு என்கிட்ட பதில் நிறையவே இருக்கு. ரெண்டாவது சொன்னதுக்குத்தான் பொய் சொல்லித் தப்பிச்சேன். "குக்கர் சத்தம் போடறதுடா"ன்னு சொல்லி ஃபோனை வெச்சேன். குக்கரும் இல்லை, ஒண்ணும் இல்லை. உண்மையைச் சொன்னா நீ என்னைப் பழைய மாதிரி பாப்பியோ மாட்டியோன்னு பயம். இந்த வயசுல பெத்த பிள்ளைகிட்ட பயம். அதைத் தாண்டத்தான் இதை எழுதறேன்.

முதல்ல உன் துப்பாக்கிக் கதை. நீ காலேஜ்ல என்.சி.சி.யில சேர்ந்து சுடப் போன அன்னிக்கு நான் போட்ட கூச்சல் கரமனைத் தெரு முழுக்கக் கேட்டுது. எதிராத்து மாமி ஓடி வந்து, "என்னடி, தோக்கா? நம்மாத்துப் பையனா?"ன்னு நெஞ்சுல கையை வெச்சுண்டா. அப்பாதான், "அவன் காகிதத்தைச் சுடறான், மனுஷாளை இல்லை"ன்னு சமாதானம் பண்ணினார். அமெரிக்கா போனதும் அந்தப் பைத்தியம் விட்டுப் போயிடும்னு நினைச்சேன். விடலை. ஒஹாயோவுல ஞாயித்துக்கிழமை பந்தயம், கைத்துப்பாக்கி, காதுல மூடி, கண்ணுல கண்ணாடின்னு நீ படம் அனுப்பினப்போ நான் ரம்யாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், "இவனை எப்படியாவது டென்னிஸ் ஆட விடு"ன்னு. அவ சிரிச்சா. அப்புறம் நீ வீட்டுலயே தோட்டா நிறைக்கறேன்னு கேள்விப்பட்ட அன்னிக்குத்தான் இது வெறும் விளையாட்டு இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது. நம்ம ஊர்ல வீட்டுல உக்காந்து இதைச் செய்யறதுன்னா போலீஸ் வந்து கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போவான். அங்கே சட்டம் சம்மதிக்கறது, செய்யறே. சட்டம் சம்மதிச்சா ஆச்சா? வெடிமருந்துக்குச் சட்டம் தெரியுமா?

குட்டி பொறந்தப்போ நான் வந்து அஞ்சு மாசம் இருந்தேன் பாரு, அப்போதான் என் கண்ணால பாத்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? உன்னைக் கண்டிக்கணும்னு மனசுக்குள்ள வசனம் எல்லாம் தயார் பண்ணிண்டுதான் அந்தக் கராஜுக்குள்ள நுழைஞ்சேன். நீ மேஜையைத் துடைச்சுண்டு இருந்தே. மேஜைமேல ஒரே ஒரு வெடிமருந்து டப்பா. மத்த டப்பாவெல்லாம் அலமாரியில, பூட்டி. ஃபோனைச் சமையலறையில வெச்சுட்டு வந்திருந்தே. சுட்டுத் தீந்த பித்தளைக் கூடுகளைக் கழுவிக் காய வெச்சு, ஒவ்வொண்ணா விளக்குக்கு நேரா உருட்டி, கீறல் இருக்கா, அடியில விரிசல் இருக்கான்னு பாத்து, சந்தேகம் வந்ததைத் தூக்கிப் பழைய டப்பாவுல போட்டே. "இது நன்னாத்தானேடா இருக்கு?"ன்னு நான் ஒண்ணை எடுத்துக் கேட்டேன். "நன்னா இருக்கான்னு யோசிக்க வேண்டி வந்தாலே அது வேண்டாம்மா"ன்னே. நான் கொண்டு வந்த வசனமெல்லாம் அங்கேயே மறந்து போச்சு.

அன்னிலேருந்து சனிக்கிழமைதோறும் ஒரு ஸ்டூலைப் போட்டுண்டு உன் பக்கத்துல உக்காந்தேன். நீ எனக்கும் கண்ணாடி மாட்டி விட்டே. கூட்டை ப்ரெஸ்ல வெச்சு ஒரு இழுப்பு, அடியில இருந்துண்டு பொறி வெக்கிற பழைய ப்ரைமர் வெளியில விழும், கூடு பழைய அளவுக்கு வரும். புது ப்ரைமரை அழுத்தி, அது அடிமட்டத்துக்கு மேல துருத்திண்டு நிக்கலையேன்னு விரலால தடவிப் பாப்பே. ஐம்பது குழி உள்ள மரத்தட்டுல கூடுகளை நிறுத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, பத்துக்கு ஒண்ணைத் திருப்பி நிறுத்துப் பாப்பே. தராசையும் நம்ப மாட்டே, கூடவே வந்த எடைக்கல்லை வெச்சு அதையும் சோதிப்பே. கடைசியில டார்ச்சை அடிச்சு ஐம்பது கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்துட்டுத்தான் குண்டை மேல வெப்பே. கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுண்டு பாக்கறதுன்னு சொல்லுவா, அதை நான் அங்கேதான் பாத்தேன். சின்ன வயசுல செருப்பைக்கூட ஜோடியா விடத் தெரியாத பிள்ளை நீ. எனக்கு அழுகை வந்துது. தூசின்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுண்டேன்.

அதனாலதான் சொல்றேன், விக்காதே. ஒரு தப்பு வந்துது, சரி. எங்கே வந்துதுன்னு நமக்குத் தெரியும். இந்த முப்பது வருஷத்துல மருந்து மேஜையில நான் கத்துண்டதையும் உன் மேஜையில பாத்ததையும் சேர்த்து எழுதறேன், பிடிச்சா வெச்சுக்கோ. அளவு எவ்வளவுங்கறதுக்கு அந்த வெடிமருந்துக் கம்பெனி போட்ட புஸ்தகம் ஒண்ணுதான் பிரமாணம். இன்டர்நெட்ல எவனோ சொன்னான், பந்தயத்துல சிநேகிதன் சொன்னான்னு ஒரு துளியும் ஏத்தாதே. புஸ்தகத்துலயும் கீழ்க்கோடியில ஆரம்பி, மேல்க்கோடிக்குப் போகணும்னு ஒரு வேண்டுதலும் இல்லை. கூட்டுல பாதிக்கு மேல நிறையற மாதிரி வெடிமருந்தா பாத்து வாங்கு. அப்போ கை தப்பி ரெண்டாம் தரம் போட்டா வழிஞ்சு மேஜையில கொட்டி அதுவே உன்னைக் காட்டிக் குடுக்கும். கூட்டுக்கு அடியில ரவை மாதிரிக் கொஞ்சூண்டு கிடக்கிற வகையை வாங்கினா, ரெண்டு தரம் போட்டாலும் உள்ளே சமத்தா உக்காந்துண்டு இருக்கும். எனக்கு அது வேண்டாம். மிஞ்சினதை அன்னன்னிக்கே அதனோட டப்பாவுலயே திருப்பிக் கொட்டு, வேற எதுலயும் வெக்காதே. பேர் இல்லாத பொடி எவ்வளவு விலையுள்ளதானாலும் அது குப்பைதான்.

ஈயத்தைப் பத்தியும் சொல்லணும். குட்டி இப்போ நடக்கறா, எதைப் பாத்தாலும் வாயில வெக்கறா. கராஜுல போடற சட்டையும் செருப்பும் கராஜோட நிக்கட்டும். கையை சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவாம அவளைத் தொடாதே. அந்த மேஜையில டீ குடிக்கிற வழக்கம் உனக்கு இருக்கு, நான் பாத்தேன், ரம்யாகிட்ட சொல்லலை, இப்போ சொல்றேன். சுட்ட கூட்டைக் குலுக்கிக் கழுவற அந்த உருளையை வாசலுக்கு வெளியில வெச்சு மூடியைத் திற, அந்தத் தூசிதான் எல்லாத்துலயும் மோசம். இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. தெரிஞ்சதை ஒருத்தர் திருப்பிச் சொல்றதுக்குத்தான் வீட்டுல அம்மான்னு ஒருத்தி இருக்கா.

இனி அந்தப் பந்தய ஞாயித்துக்கிழமைக்கு வரேன். நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்றேன், ரம்யாவுக்கு முழுசும் தெரியுமோ தெரியாதோ. பந்தயத்துல மணி ஓடிண்டு இருக்கு. அஞ்சாவதோ ஆறாவதோ சுட்டப்போ 'டப்'புங்கறதுக்குப் பதிலா 'பொத்'துன்னு ஒரு சத்தம். கையில உதை இல்லை. அந்த நிமிஷத்துல எந்த மனுஷனுக்கும் விரல் தானா அடுத்ததை அழுத்தும், ஜெயிக்கிற வெறி. நீ விரலை எடுத்துட்டுக் கையைத் தூக்கி நின்னே. அதிகாரி வந்து பாத்தா, கூட்டுல வெடிமருந்தே இல்லாம வெறும் ப்ரைமர் தள்ளின குண்டு குழலுக்குள்ள பாதி வழியில சிக்கிண்டு நிக்கறது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு போயிருந்தா உன் கை என்ன ஆயிருக்கும்னு நினைச்சு நான் ரெண்டு நாள் சாதம் சரியாச் சாப்பிடலை. பந்தயம் போச்சு. போகட்டுமே.

அதோட நீ வீட்டுக்கு வந்து படுத்திருக்கலாம். படுக்கலை. "ஒரு கூட்டுல இல்லேன்னா அந்தப் பங்கு எங்கே போச்சு?"ன்னு யோசிச்சே. ஐம்பது குழித் தட்டுல ஒண்ணை விட்டுட்டுப் பக்கத்துல இருக்கிறதுக்கு ரெண்டு தரம் போட்டிருந்தா? சுடறவன் கையிலயே துப்பாக்கி சிதறிடுமே. ரெண்டு தட்டை ஒண்ணாக் கொட்டிக் கலந்த அந்தக் கட்டுல மிச்சம் இருந்த ஐம்பதை நீ உன் சிநேகிதர் வால்டருக்குக் குடுத்திருந்தே. உன் தோட்டா குறி பிசகாமப் போறதுன்னு கிளப்புல எல்லார்கிட்டயும் உன்னைப் புகழ்ந்தவர், ரிட்டையர்டு வாத்தியார், ஆசையா ஒரு பெட்டி கேட்டார்னு குடுத்தே. நம்ம கையால நிறைச்ச தோட்டா நம்ம கையோடத்தான் நிக்கணும், யாருக்கும் குடுக்கறதும் இல்லை, யாரோடதையும் வாங்கறதும் இல்லைன்னு நீயே எனக்குப் பாடம் எடுத்தவன். புகழ்ச்சிக்கு மயங்கிட்டே. மயங்காத மனுஷன் யாரு? ஃபோன் பண்ணினே, அவர் எடுக்கலை. தகவல் விட்டே, பார்க்கலை. ரெண்டு மணி நேரம் மழையில காரை ஓட்டிண்டு போய் அவர் வாசல்ல நின்னே. அவர் காருல பையை ஏத்திண்டு இருந்தார், பேத்தியை அழைச்சுண்டு சுடப் போறதுக்கு. "என் தப்பு, பெட்டியைத் திருப்பிக் குடுங்கோ"ன்னு நடுத்தெருவுல நின்னு கேட்டே. அவர் முகம் கறுத்துப் போச்சு, பையைப் பிரிச்சுப் பெட்டியை எடுத்துக் குடுத்தார்னு சொன்னே. வீட்டுக்கு வந்து ஐம்பதையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தே. முப்பத்தேழாவதுல இருந்தது, ரெண்டு பங்கு.

"அசிங்கமாப் போச்சும்மா"ன்னு சொல்லிண்டே இருந்தே. எனக்கோ, கிட்டு, என் பிள்ளை இவ்வளவு பெரிய மனுஷனான்னு மார் விம்மித்து. பரீட்சையில நீ முதலா வந்தப்போ, விசா கிடைச்சப்போ, கல்யாணத்தப்போ எல்லாம் சந்தோஷப்பட்டிருக்கேன். இந்தப் பெருமை அதுல சேர்ந்ததில்லை. உன்னைப் புகழ்ந்த மனுஷன் முகத்துக்கு நேரா நின்னு "நான் தப்புப் பண்ணினேன்"னு சொல்றதுக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட அது இருக்கலை.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பெட்டியில ஒட்டின சீட்டுல தேதி இருந்ததுன்னு வாசிச்சே பாரு, அப்போவே எனக்குப் பொறி தட்டித்து. அது அப்பாவுக்குக் கடவாய்ப் பல் எடுத்த சனிக்கிழமை. ரத்தம் நிக்கலைன்னு இங்கே சாயங்காலம் வெப்ராளப்பட்டுப் பதறி உன்னை மூணு தரம் கூப்பிட்டது நான்தான். அங்கே காலைப்பொழுது. மூணாவது தரம் ரம்யா ஃபோனைக் கராஜுக்கே கொண்டு வந்து குடுத்தா. நீ ஃபோனைச் சாய்ச்சு வெச்சுண்டு என்னோட பேசிண்டே வேலையைத் தொடர்ந்தே, எனக்குக் கையசைவு தெரிஞ்சுது. நடுவுல பேச்சு வந்தா அந்தத் தட்டு முழுக்கத் திருப்பிக் கொட்டி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், கிட்டு. "இதுவரைக்கும் போட்டாச்சு"ன்னு ஞாபகத்தை நம்பக்கூடாது. டார்ச்சை அடிச்சுப் பாத்தப்பவும் உன் கண்ணுதான் அங்கே இருந்தது, காது என்கிட்ட இருந்தது. கூப்பிட்டவ நான்னு தெரிஞ்சும் நீ ஒரு வார்த்தை என்னைக் குத்தம் சொல்லலை. இனிமே சனிக்கிழமை நான் கூப்பிட மாட்டேன். இங்கே வீடு இடிஞ்சாலும் ரம்யாகிட்டதான் சொல்லுவேன்.

பேச்சு நடுவுல வந்தா கை என்ன பண்ணும்னு எனக்கு எப்படித் தெரியும்? இதான் நான் சொல்ல வந்தது. உனக்கு அப்போ மூணு வயசு. நான் வேலை பாத்தது ஊருக்குத் தெக்கே ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி. அந்தக் காலத்துல குழந்தைகளுக்குத் தனியா மருந்து வராது. வலிப்பு வர்ற குழந்தைக்கு மருந்துப் பொடியை நிறுத்து, கல்வத்துல பால்சர்க்கரை சேர்த்து அரைச்சு, கண்ணாடித் தகடுமேல பரப்பி, பத்துப் பங்காக்கிக் காகிதத்துல மடிச்சுக் குடுப்போம். மடிக்கிறது நான். ஜன்னல்ல நின்னு பேரைக் கூப்பிட்டுக் கையில குடுக்கறது லில்லி. பாறசாலைப் பக்கத்துப் பொண்ணு, என்னைவிடச் சின்னவ, அட்டெண்டர். ஞாயித்துக்கிழமை சபைக்குப் போய்ட்டு வந்து திங்கக்கிழமை எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டுவா. கைக்குழந்தை ஒண்ணு இருந்தது அவளுக்கு.

அன்னிக்குக் காலையில கூட்டமான கூட்டம். ஒரு ரெண்டு வயசுப் பொண்ணோட பொட்டலத்துக்காக மருந்தை நிறுத்துக் கல்வத்துல போட்டேன். அப்போ ஆஃபீஸ் ரூம்லேருந்து ஃபோன்னு கூப்பிட்டா. பாலக்காட்டுலேருந்து உன் அப்பா, "டிரான்ஸ்ஃபர் கிடைச்சுடுத்து, அடுத்த மாசம் ஊருக்கு வந்துடறேன்"னு. ரெண்டு வருஷமா உன்னையும் தூக்கிண்டு தனியா அல்லாடினவ நான், தரையில கால் பாவலை. சிரிச்சுண்டே மேஜைக்குத் திரும்பி வந்து, மருந்தை நிறுத்துக் கல்வத்துல போட்டேன். ரெண்டாம் தரம். வெள்ளையோட வெள்ளை, கண்ணுக்குத் தெரியலை. பொட்டலத்தை மடிச்சு லில்லிகிட்ட குடுத்தேன்.

மறுநாள் அந்தக் குழந்தையைத் தோள்ல போட்டுண்டு அதனோட அம்மா ஓடி வந்தா. எழுப்பினா எழுந்துக்கலை. ரெண்டு நாள் வார்டுல வெச்சிருந்தா, பகவான் புண்ணியத்துல பொழைச்சு எழுந்து இட்லி கேட்டுது. பயத்துல அந்த அம்மா மிச்சப் பொட்டலத்தையெல்லாம் அடுப்புல போட்டுட்டா, சோதிச்சுப் பாக்க ஒண்ணும் இல்லை. அதே நாள் ஒரு பெரிய பையனுக்கும் அதே மருந்து மடிச்சிருந்தேன். அவனோடதை லில்லி மாத்திக் குடுத்துட்டாள்னு எல்லாரும் முடிவு பண்ணினா. லில்லியே, "கூட்டத்துல எனக்கு ஓர்மை இல்லியே அக்கா, மாத்திட்டேன் போல"ன்னு தேம்பித் தேம்பி அழுதா. குழந்தையைத் தூக்கிண்டு வந்த அன்னிக்கு மத்தியானம் ஜன்னலை மூடினப்புறம் நான் மருந்துக் குப்பியை எடுத்து நிறுத்துப் பாத்தேன். எவ்வளவு குறையணுமோ அதுக்கு மேல குறைஞ்சிருந்தது. எவ்வளவு அதிகம்னும் தெரிஞ்சுது. சரியா ஒரு தரத்துக்கு உள்ளது. குப்பியை மூடி அலமாரியில வெச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடலை.

வேலை போயிடும், அப்பா இப்போதான் வரார், நீ சின்னப் பிள்ளைன்னு எனக்கு நானே ஆயிரம் சாக்குச் சொல்லிண்டேன். லில்லியை மலைமேல ஒரு ஆஸ்பத்திரிக்கு மாத்தினா. காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கைக்குழந்தையைப் பாறசாலையில அவ அம்மாகிட்ட விட்டுட்டுப் போனா. போற அன்னிக்கு என் கையைப் பிடிச்சுண்டு, "அக்காவுக்கும் நான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திட்டேன்"ன்னா. நான் அவ கையில ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். இந்தக் கையைத்தான் நீ தப்பாதுன்னே.

அன்னிக்கு ஃபோனை வெச்சதுலேருந்து வால்டர் வாசல்ல மழையில நிக்கிற உன்னையே நினைச்சுண்டு இருந்தேன். நேத்து ஒரு முடிவா கிழக்கேகோட்டைக்குப் போய் கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடிச்சேன். லில்லியோட மகள் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா, அவ ஃப்ளாட்டுல லில்லி பேரனைப் பாத்துண்டு இருக்காள்னு கேள்விப்பட்டிருந்தேன். அப்பாகிட்ட டாக்டரைப் பாக்கப் போறேன்னு பொய் சொன்னேன். பஸ்ல ரெண்டு தரம் இறங்கித் திரும்பிடலாம்னு எழுந்தேன். நீ திரும்பலையே. அதனால உக்காந்தேன்.

லில்லி கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு, "எனக்க அக்கா!"ன்னு கட்டிப் பிடிச்சுண்டா. தலை முழுக்க வெளுத்துப் போச்சு. பேரனுக்குக் காய்ச்சல், மடியில சுருண்டு கிடந்தான். மேஜைமேல சின்னச் சின்னக் கப்புல மருந்து ஊத்தி மூடி, எத்தனை மணிக்குன்னு ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டியிருந்தது. மத்தியானத்துக் கப்பை எடுத்துக் குடுத்தா, பிள்ளை வாயில வாங்கினதும் அத்தனையும் துப்பிட்டான், சட்டையெல்லாம் சிவப்பு. லில்லி எழுந்து, "இரிங்க அக்கா, அடுத்த ஃப்ளாட்டுல அந்தப் பிள்ள இருக்கான்னு பாத்துட்டு வாறேன், அளந்து தருவா"ன்னா. "ஏண்டி, குப்பி இங்கேதானே இருக்கு, நீயே அளந்து குடேன்"னேன். அவ சிரிச்சா. "நான் அளக்க மாட்டேன் அக்கா. மருந்துன்னா எனக்க கை தப்பும், உங்களுக்குத் தெரியாததா? மலைக்குப் போனதும் நான் கேட்டு வாங்கித் துணி ரூமுக்கு மாறிட்டேன். எனக்க பிள்ளைக்குக்கூட அவ அப்பாதான் மருந்து குடுப்பாரு. இப்ப மக காலையிலயே அளந்து வெச்சிட்டுப் போவா."

கிட்டு, அவ என்னைச் சந்தேகப்பட்டிருப்பாள்னு நினைச்சுண்டு போனேன். திட்டுவாள்னு நினைச்சுண்டு போனேன். அவ தன்னையே நம்பாம இருந்தாள்னு நான் நினைக்கலை. நின்ன இடத்துலயே சொன்னேன். ஃபோன் வந்தது, திரும்பி வந்து ரெண்டாம் தரம் நிறுத்தது, மத்தியானம் குப்பியை நிறுத்துப் பாத்தது, மூடி வெச்சது, எல்லாம்.

"அப்போ எனக்க கை இல்லியா?"ன்னா.

"இல்லை லில்லி. என் கை."

"நான் மாத்திக் குடுக்கல்லியா?"

"இல்லை. நீ சரியாத்தான் குடுத்தே."

"முப்பத்திமூணு வருஷம், அக்கா"ன்னா. அவ்வளவுதான். நான் அழுதேன், அவ அழலை. மேஜைகிட்ட போய்க் குப்பியை எடுத்துக் குலுக்கினா. மூடியில ஊத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுக் கோட்டைப் பாத்தா. திருப்பிக் குப்பியிலயே ஊத்தினா. மறுபடியும் ஊத்தி, மறுபடியும் பாத்தா. பேரனை மடியில உக்கார வெச்சு அந்த மருந்தைத் தன் கையால குடுத்தா. அவன் சமத்தாக் குடிச்சான். ஒரு துளி கீழே சிந்தலை. வாயைத் துடைச்சு விட்டுட்டு, என் முகத்தைப் பாக்காமலே சொன்னா.

"அக்கா, நீங்க இப்போ போங்க. உங்களத் திட்டுறதுக்கு எனக்கு இப்ப வாய் வரல்ல. ஒருநாள் வரும். அன்னைக்கி நான் கூப்பிடுவேன். வந்து இருந்து முழுசும் கேட்டுட்டுத்தான் போணும்."

வரேன்னு சொல்லி என் நம்பரை எழுதி மேஜைமேல வெச்சுட்டு வந்தேன். ஃபோனைப் பக்கத்துலயே வெச்சுண்டுதான் இதை எழுதறேன். இன்னும் கூப்பிடலை. கூப்பிட்டதும் போவேன்.

அம்மா